பொதுவில் விட்ட ஐந்நூறு மெகாபைட்

நார்வாவில்
மூடிக்கிடக்கும் நூற்பாலைக்குப் பின்னால்
ஒரு எம்பிராய்டரி கடை.
சட்டைப் பைக்குச் சின்னம் தைக்கிறார்கள்:
தீயணைப்புப் படை, ஹாக்கிக் குழு, ஒரு ரொட்டிக் கம்பெனி.

ராய்சாவுக்கும் எவால்டுக்கும்
மணமுறிவாகி இரண்டு குளிர்காலம்.
கடையை விற்க மனமில்லை,
வாங்கவும் ஆளில்லை.
இரவில் அவன் வரைகிறான்,
பகலில் அவள் தைக்கிறாள்.
கணினி ஒன்றுதான்.

தையல் எந்திரம் விண்டோஸ் சொன்னால்தான் நகரும்.
வரைவதற்கு அவனுக்கு லினக்ஸ் வேண்டும்.
நடுவில் ஒரு பொதுக் கோப்புறை,
அவன் வைத்துவிட்டுப் போவதை
அவள் எடுத்துக்கொள்ள.

செவ்வாய் இரவு
ஏதோ ஒரு அப்டேட் உள்ளே வந்து
முதல் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டது.
எவால்டின் பட்டியல் வரவில்லை.
"அழித்துவிட்டாள்" என்று எனக்குப் போன் செய்தான்.

காலை ஆறு மணி, வெளியே மைனஸ் பதினெட்டு.
இரண்டு பேருமே இருந்தார்கள்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
பென் டிரைவைச் செருகி
வட்டைத் திறந்து பார்த்தேன்.
பாகம் பிரித்த பத்திரம்தான் அது:
இருநூற்று நாற்பது அவளுக்கு,
நூற்று எண்பது அவனுக்கு,
தலைமாட்டில் ஐந்நூறு மெகாபைட்
யார் பெயரிலும் இல்லை.
அறைகளைப் பிரித்துக்கொண்டவர்கள்
வாசற்படியை அறுக்க முடியாமல் விட்டது.

அதற்குள் இருவர் கோப்புகளும்
அடுத்தடுத்து, சிராய்ப்புகூட இல்லாமல்.
"எதுவும் அழியவில்லை. வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்."
எவால்ட் திரையைப் பார்த்தான்.
ராய்சா, "நான்தான் சொன்னேனே" என்றாள்,
அவனிடம் அல்ல, என்னிடம்.

கிரப்பை மறுபடி நிறுவினேன்.
மறுதொடக்கம்.
கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது,
ஒரே ஒரு வரியோடு.
அவனுடைய வரி.
பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று
தேடாதே என்றிருந்தது அமைப்புக் கோப்பில்;
இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறது.

எவால்ட் சிரிப்பான் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அவளையும் சேர்" என்றான்.

சேர்த்தேன்.
போகிற போக்கில் இன்னொன்றும் கண்ணில் பட்டது:
அவளுடைய விண்டோஸ் முழுதாய் உறங்குவதில்லை.
அணைத்தாலும் அரைத் தூக்கம்,
பொதுக் கோப்புறையை இறுகப் பிடித்தபடி.
அங்கே அவன் ஒன்றும் எழுத முடியாது.
"எத்தனை நாளாய்?" என்றாள் ராய்சா.
"இரண்டு வாரம் இருக்கும்.
படங்களை வீட்டு அடைவில் வைத்திருக்கிறேன்."
"நீ வரைவதையே விட்டுவிட்டாய் என்று நினைத்தேன்."
அவன் பதில் சொல்லவில்லை.
அந்த அரைத் தூக்கத்தை நிறுத்தினேன்.

பிறகு விநாடிகளுக்கு ஒரு சண்டை.
மூன்று போதும், அவனுக்கு.
அவளுக்கு முப்பது வேண்டும்:
கணினியைப் போட்டுவிட்டுத்தான்
கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போவாளாம்,
மூக்குக்கண்ணாடி வேறு எங்கேயாவது இருக்குமாம்.
"இந்தக் கண்ணாடியைத் தேடியே
என் ஆயுளில் பாதி போயிற்று" என்றான்.
பதினொன்று என்று நானே தட்டச்சு செய்தேன்.

யாரும் எதையும் அழுத்தாவிட்டால்?
கடைசியாக யார் நுழைந்தார்களோ
அவர்கள் பக்கமே திறக்கட்டும் என்று வைத்தேன்.

ஏழரைக்கு எந்திரம் ஓடத் தொடங்கியது.
முதல் சின்னம் தீயணைப்புப் படையுடையது,
சிவப்பு நூல்,
இரண்டு வாரம் பழைய படம்.
கோடாரியின் கைப்பிடி கோணல் என்றாள்.
கோடாரி அப்படித்தான் இருக்கும் என்றான்.
வீட்டுக்குப் போக வேண்டியவன்
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கூலியை ஆளுக்குப் பாதியாய்
தனித்தனி உறையில் கொடுத்தார்கள்.
பேருந்தில் எண்ணினேன்.
அவனுடையதில் ஐந்து யூரோ குறைவு.
அவளுடையதில் ஐந்து அதிகம்.